காந்தக்கையன் தள்ளி நின்ற பக்கம்

மார்ச் 4, திங்கள்

நாற்காலி சுழல்கிறது! கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். ஆறாவது சுற்றில் பென்சில் உள்ளே வந்துவிட்டாள். எங்கள் ஓவியர். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதனால் அந்தப் பெயர். கீழே விழுந்த எதையோ தேடுவதுபோல் நடித்தேன். நம்பியிருக்க மாட்டாள்.

பழைய குழுத்தலைவர் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார். முதலாளியம்மா காலையில் கூப்பிட்டு, "ரெண்டு வாரம் நீ நடத்து. நல்லா நடத்தினா நாற்காலி உனக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழுவை நடத்துவது எனக்கா தெரியாது? ஆறு வருடமாகக் காந்தக்கையன் படக்கதையை எழுதுகிறவள் நான். கையை நீட்டினால் இரும்புப் பாலமே வந்து ஒட்டிக்கொள்ளும் மாவீரன்! அவன் யாரையும் கேட்க மாட்டான். சொல்வான். கூட இருக்கும் பஞ்சு - காற்றில் மிதப்பவள், கொஞ்சம் பயந்த சுபாவம் - உடனே செய்வாள். எட்டே பக்கத்தில் நகரம் பிழைத்துவிடும். இனி நானும் அப்படித்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப இனிமே வீட்லயும் நீதான் தலைவியா?" என்றார். இத்தனை நாள் யார் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்?

மார்ச் 5, செவ்வாய்

இன்று நான்கு உத்தரவு போட்டேன். நான்கும் நடந்தன. தலையில் கொம்பு முளைக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 6, புதன்

இதழ் அச்சுக்குப் போகும் நாள். மாதம் இரண்டு முறை எங்களுக்கெல்லாம் பைத்தியம் பிடிக்கும் நாள்.

ஆறாம் பக்கம். பாலம் இடிகிறது. காந்தக்கையன் இடது பக்கம் பார்த்து நின்றான். பார்த்தால் ஓடிப்போகிறவன்போல இருந்தது. "படத்தை அப்படியே திருப்பிப் போடு, கண்ணாடில தெரியற மாதிரி" என்று பென்சிலிடம் சொன்னேன். கணினியில் ஒரு தட்டு. வலது பக்கம் பார்த்தான். கம்பீரம்!

ஐந்து நிமிடத்தில் எழுத்தண்ணன் வந்தார். படத்தில் ஆட்கள் பேசும் பேச்சை, வாய்க்குப் பக்கத்தில் வரும் பலூனுக்குள் எழுதுகிறவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "தங்கச்சி, படத்தத் திருப்பினதுல ஆளுங்க இடம் மாறிட்டாங்க. பலூன் அங்கயே நிக்குது. வாலு..." என்று ஆரம்பித்தார்.

மணி நாலே முக்கால். ஐந்துக்கு அச்சகத்தில் இருக்க வேண்டும். நான் நாற்காலியை ஒரு அரைச் சுற்றுச் சுற்றி, "கேள்வி கேக்காதீங்க அண்ணே. சொன்னதச் செய்யுங்க" என்றேன். காந்தக்கையனின் வசனம்! அதே தோரணை! எனக்கே புல்லரித்தது.

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "சரிங்க மேடம்" என்று போய்விட்டார்.

மார்ச் 8, வெள்ளி

ஐயோ.

இதழ் வந்துவிட்டது. ஆறாம் பக்கத்தைத் திறந்தேன்.

பாலம் இடிகிறது. பயந்து மிதக்கும் பஞ்சு, "கேள்வி கேட்காதே. சொன்னதைச் செய்!" என்று அதட்டுகிறாள். மார்பில் காந்தச் சின்னமும் தொடை பருமனில் கையுமாக நிற்கும் காந்தக்கையன் சொல்கிறான்: "எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், நீயே சொல்."

எழுத்தண்ணன் சொல்ல வந்தது இதைத்தான். ஆட்கள் இடம் மாறினார்கள், யார் பேசுவது என்று காட்டும் பலூன் வால்கள் மாறவில்லை. இவன் பேச்சு அவள் வாயில், அவள் பேச்சு இவன் வாயில்.

முதலாளியம்மா மூவரையும் வரிசையாக நிறுத்தி, "யார் பண்ணது இது?" என்றார். நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அதற்குள் எழுத்தண்ணன், "பலூன் என் வேலைதானே மேடம். நான் விட்டிருக்கக் கூடாது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாயை மூட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் அவருக்கு மெமோ கொடுத்தாகிவிட்டது. பதினெட்டாம் தேதியிலிருந்து பார்சல் பிரிவில் முகவரி ஒட்டும் வேலையாம். இருபது வருடமாகப் பலூன் எழுதியவர்! நான் என்ன பண்ணேன்? நின்னேன். மரம் மாதிரி நின்னேன். பென்சில் என்னையே பார்த்தாள். அவளுக்கும் தெரியும்.

மார்ச் 9, சனி

சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் "உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

மார்ச் 12, செவ்வாய்

உலகம் தலைகீழாகிவிட்டது! கடிதம்! மின்னஞ்சல்! தொலைபேசி! மதியத்துக்குள் அறுபத்து மூன்று! ஆறு வருடத்தில் மொத்தமாக நாற்பதுகூட வந்ததில்லை. அதிலும் பாதி, காந்தக்கையனின் தலைமுடி நிறம் ஏன் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது என்று கேட்டு வந்தவை.

"காந்தக்கையனுக்கும் பயம் வரும்னு தெரிஞ்சதும் எனக்கு அவன ரொம்பப் பிடிச்சுப்போச்சு" - பதினொரு வயதுப் பெண். "என் அதிகாரியின் மேசையில் ஆறாம் பக்கத்தை விரித்து வைத்துவிட்டு வந்தேன்" என்று ஒருவர். பத்திரமாக இருக்கிறாரோ என்னவோ. ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இரண்டு தாள் நிறைய எழுதியிருக்கிறார்: எது செய்வதென்று தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்கிற தலைவனைக் கதையில்கூட இப்போதுதான் பார்க்கிறாராம்.

முதலாளியம்மா செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "சனிக்கிழமை நூலகத்துல குழந்தைங்க கூட்டம். தலைப்பு, நல்ல தலைவன் யாரு. நீதான் பேசற! அங்கயே நாற்காலி உனக்குன்னு அறிவிச்சிடறேன். ஆனா ஒண்ணு, அது தப்புன்னு வெளிய மூச்சு விடாத. யோசிச்சுச் செஞ்சதாவே இருக்கட்டும்."

சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நாற்காலியில் ஏழு சுற்று.

எட்டாவது சுற்றில் கேட்டேன்: "அப்ப எழுத்தண்ணன்?"

"அது வேற விஷயம்" என்றார்.

மார்ச் 13, புதன்

அடுத்த இதழுக்கான கதை வரவில்லை. பாலம் இடிந்த கதையின் மிச்சம். ஊர் கூடி, "பாலம் எதனால் இடிந்தது?" என்று கேட்கிறது. காந்தக்கையன்தான் அவசரத்தில் தாங்குதூணைப் பிடுங்கினான். இப்போது ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது. இரண்டே சொல்.

எழுதினேன், அடித்தேன். எழுதினேன், அடித்தேன். ரயில் தூக்குகிறான், கப்பல் தூக்குகிறான், இதைத் தூக்க மாட்டேன் என்கிறான். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் இதைச் சொன்னதில்லை என்று இன்றுதான் கவனித்தேன். எப்படிச் சொல்வான்? எழுதுகிற கை யாருடையது?

மார்ச் 14, வியாழன்

எழுத்தண்ணன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். அளவுகோலைத் துணியால் துடைத்து உறைக்குள் போட்டார்.

"நான்தான் திருப்பச் சொன்னேன்னு நீங்க ஏண்ணே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் மேடம்."

கோபமே இல்லை. தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்பதுபோலச் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

மார்ச் 16, சனி

விலா வலிக்கிறது. சிரித்துச் சிரித்து!

நூலகம் நிறையக் குழந்தைகள். முன்வரிசையில் முதலாளியம்மா, பட்டுப்புடவை. கடைசியில் எழுத்தண்ணன், விற்பனைக்கு வந்த இதழ்க் கட்டுகளோடு. பார்சல் பிரிவு வேலையை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட்டார்கள். என் கையில் மூன்று தாள் உரை. "காந்தக்கையனின் அறம்" என்று தலைப்புக்கூடப் போட்டிருந்தேன். வெட்கக்கேடு.

மைக்கைப் பிடித்ததும் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்தாள். "ஆன்ட்டி, காந்தக்கையன் எப்பலேர்ந்து நல்ல தலைவனா மாறினான்?"

தாளைப் பார்த்தேன். கடைசி வரிசையைப் பார்த்தேன்.

"அவன் மாறவே இல்லம்மா. பலூன் வால்தான் மாறிப்போச்சு" என்றேன்.

அப்புறம் அணை உடைந்தாற்போல எல்லாம் வந்துவிட்டது. படத்தைத் திருப்பியது, எழுத்தண்ணன் வந்து சொன்னது, நான் நாற்காலியைச் சுற்றியது. எப்படிச் சுற்றினேன் என்று மேடையில் நடித்துக்கூடக் காட்டினேன். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அவர் சொன்னத நான் கேக்கல. அப்புறம் திட்டு அவருக்கு விழுந்தப்ப நான் பேசாம நின்னேன்" என்றதும் சிரிப்பு நின்றது.

இரட்டைச் சடை இடுப்பில் கை வைத்தாள். "அப்ப சாரி சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க!"

"சொல்லுங்க! சொல்லுங்க!" - அறுபது குரல். மைக்கை வைத்துவிட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனேன். "தப்பு என்னோடதுண்ணே. மன்னிச்சிருங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதலாளியம்மா முகம் சுருங்கிப்போயிருந்தது. நாற்காலி அறிவிப்பு வரவில்லை. போகட்டும்! வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஞ்சு மிதப்பாளே, அப்படித்தான் வந்தேன். ரெண்டு தட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்காரர், "உடம்பு சரியாயிடுச்சு போல" என்றார்.

மார்ச் 18, திங்கள்

வாழ்க்கையில் முதல் மெமோ! என் பெயருக்கு! எழுத்தண்ணனின் மெமோவை என் கண்முன்னே கிழித்துவிட்டு, அதே பேனாவால் எனக்கு எழுதினார் முதலாளியம்மா. பார்சல் பிரிவு ரத்து.

"கோவம் இன்னும் போகல. ஆனா நீ பேசினதப் பத்தி இன்னிக்குக் காலைல வந்த கடிதம் இருநூறு. ஒண்ணு செய். நாற்காலிய வச்சுக்கோ. எழுத்தண்ணன் பாத்துக் கையெழுத்துப் போடாம ஒரு பக்கமும் அச்சுக்குப் போகக் கூடாது."

"சரிங்கம்மா" என்றேன். கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்காரர் மெமோவை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார். கிழிக்க மனசு வரவில்லை.

மார்ச் 20, புதன்

அச்சுக்குப் போகும் நாள். மணி நாலே முக்கால். வழக்கமான பைத்தியம்.

கடைசிப் பக்கம். அந்த இரண்டு சொல்லை ஒருவழியாக எழுதிவிட்டேன். ஊர் முழுக்கக் கூடி நிற்கிறது. நடுவில் காந்தக்கையன், கட்டம் கொள்ளாத தோளும் கையுமாக. பென்சிலுக்கு அவனைச் சின்னதாக வரையவே தெரியாது. எழுத்தண்ணன் பக்கத்தை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். நான் சுற்றவில்லை. எழுந்து போனேன்.

"இந்த வரி பலூன்ல உக்காரல தங்கச்சி."

தங்கச்சி!

"சின்ன எழுத்தாப் போட்டுருவோமா? என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன்.

"இதச் சின்னதாப் போடக் கூடாது" என்று பென்சில் பக்கம் திரும்பினார். "இவனக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

பென்சில் காந்தக்கையனை அரை அங்குலம் ஓரமாக நகர்த்தினாள். ஒரு தோள் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பலூன் நன்றாக விரிந்தது. எழுத்தண்ணன் அதில் வரியைப் போட்டார், வால் சரியாக அவன் வாய்க்குப் போகிறதா என்று இரண்டு தடவை பார்த்தார், மூலையில் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு நிமிடம் தாமதமாக அச்சுக்குப் போனது.