பாபநாசத்தில் பேசாத செல்போன்

13 நவம்பர் 2003, வியாழன்

அருவருப்பாக இருக்கிறது. என் கணவர் போன பிறகு நான் தனியாக இருக்கிறேன் என்று மகன் ராகவன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய செல்போனில் நான்கு நாட்களாக சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. சிம் கார்டு சரியில்லை என்று சண்டை போட இன்று கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்கார ரஹ்மான் செல்போன் வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"சிம்மு நல்லாத்தாங்கம்மா இருக்கு. இது அமெரிக்கா செட்டு. எண்ணூத்தம்பது, ஆயிரத்தித் தொள்ளாயிரம் அலைவரிசையிலதான் எடுக்கும். நம்ம ஊரு டவரு தொள்ளாயிரம், ஆயிரத்தி எண்ணூறு. துபாய்லயும் அதேதான். அங்கேருந்து வர்ற செட்டுன்னா போட்ட உடனே பேசலாம்."

பக்கத்து வீட்டு மும்தாஜும் அங்கே நின்றிருந்தாள். "எம்புள்ள துபாய்ல வெறும் டிரைவருதாங்கம்மா. அவன் அனுப்புனது அன்னைக்கே பேசுச்சு. இந்தாங்க, வேணும்னா இதுல பேசுங்க" என்று நீட்டினாள்.

என் மகன் தொலைத்தொடர்பு இன்ஜினியர். அலைவரிசைதான் அவனுக்குச் சோறு போடுகிறது. அந்த எண்கள் பெட்டியின் அடியிலேயே அச்சாகியிருந்தன. அம்மாவுக்கு அனுப்பும்போது அதைப் படிக்க அவனுக்கு நேரமில்லை.

மாலையில் வீட்டு போனில் அழைத்தான். "செல்லு எப்படிம்மா இருக்கு?"

"ரொம்பத் தெளிவா கேக்குதுப்பா" என்றேன். நான் படித்த கான்வென்டில் இந்தப் பொய்க்கு முட்டி போட வைத்திருப்பார்கள்.

"அப்ப அந்த நம்பரைச் சொல்லும்மா. இனிமே அதுலயே கூப்பிடறேன்."

"ஹலோ, ஹலோ, ஒண்ணும் கேக்கலையே" என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தேன். அவனைவிட என்னை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது. அவன் மறுபடியும் மறுபடியும் அழைத்தான். மணி ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.