கட்டுத்தறிச் சேலை

அன்புள்ள அண்ணி,

நீங்கள் இருந்தவரை உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். தப்பாக நினைக்காதீர்கள். பெரம்பலூரில் நான் குடியிருக்கும் அறைக்குக் கீழே இன்று காலை ஒருவர் பால் கறக்க வந்தார். மாட்டின் தொடையில் பளாரென்று அடித்து, "தள்ளி நில்லு சனியனே" என்றார். வெதுவெதுப்பான பாலும் சாணமும் கலந்த வாடை ஜன்னலில் ஏறி வந்தது. ஆபீசுக்குக் கிளம்புவதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் தா.பழூரிலிருந்து உடையார்பாளையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, வாழ வந்தீர்கள். உங்களோடு ஒரு கிடேரிக் கன்றும் வந்தது. செவலை. அது வளர்ந்து கன்று போட்ட பிறகும் நீங்கள் அதன் பின்பக்கமாக ஒருநாளும் போனதில்லை. பக்கவாட்டில் வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, முதுகில் கை வைத்து, அந்தக் கையை எடுக்காமலே மடி வரைக்கும் கொண்டுபோவீர்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா சிரிப்பார்: "உத்தரவு வாங்கிட்டுத்தான் கறப்பியா? கலெக்டரு மாடுடி இது!"

"திடீர்னு பின்னாடி வந்து தொட்டா நீங்க துள்ள மாட்டீங்களா, அத்தே?" என்பீர்கள்.

காய்ச்சலென்று உங்களைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; நீங்கள் திரும்பி வரவில்லை. கருமாதி முடிந்ததும் உங்கள் சேலைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கறக்கும்போது மட்டும் கட்டுவீர்களே, கொட்டகை ஆணியில் தொங்கிய அந்தப் பச்சை நூல் சேலை, அதை யாரும் சேலையாகவே நினைக்கவில்லை.

செவலை யாரையும் அண்டவிடவில்லை. கன்றை ஊட்டவிட்டுப் பிடித்தாலும் பாலை அடக்கிக்கொண்டது. அண்ணன் உட்கார்ந்தால் உதைத்தது. அவர் பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டினார். பிறகு கழியை எடுத்தார். உங்களுக்காக ஒரு சொட்டு அழாத மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடித்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அதன் தோல் நடுங்கும். கடைசியில் தரகரை வரச் சொல்லிவிட்டார். கறக்க விடாத மாடு எந்த லாரியில் ஏறும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் நேரே கொட்டகைக்குப் போனேன். ஆணியிலிருந்து அந்தச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் போய் நின்றேன். செவலை முந்தானையை மோந்தது. வெகுநேரம் மோந்தது. உதைக்கவில்லை. என் விரல்களுக்குப் பழக்கம் போதாது. செம்பின் அடி மறைகிற அளவுதான் பால் வந்தது.

எனக்கோ பெரம்பலூரில் வேலைக்குச் சேர உத்தரவு வந்திருந்தது. சேலையை அண்ணனிடம் நீட்டினேன்.

"நீ சுத்திக்கிட்டு உக்காருண்ணே."

"என்னைக் கூத்து கட்டச் சொல்றியா? பி.ஏ. படிச்ச புத்தியா இது?"

"ஒரே ஒரு வாட்டி. தரகர் வர்றதுக்குள்ள."

மீசையும் அதுவுமாகச் சேலையைப் போர்த்திக்கொண்டு வந்தார். பெரியம்மா விடுவாரா? "ஏன்டா தம்பி, மூக்குத்திய எங்கடா காணும்?" அண்ணன் எழுந்துவிடப் போனார். அதற்குள் செவலை கழுத்தைத் திருப்பி, சேலையோடு சேர்த்து அவர் தோளை நக்கியது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது. அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்த பெரியம்மா, பேச்சை நிறுத்தி வேலியை விட்டு நகர்ந்தார்.

தரகர் வந்ததும் அண்ணன், "மாடு குடுக்குறதா இல்லிங்க, போயிட்டு வாங்க" என்றார். சேலையை அவிழ்க்க மறந்திருந்தார்.

இப்போது அவருக்குச் சேலை தேவைப்படுவதில்லை. அவரும் கூப்பிட்டுவிட்டுத்தான் தொடுகிறார். ஆபீசில் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு மிரண்டு நிற்பவர்களைக் கண்டால், நானும் முதலில் "வாங்க" என்கிறேன். காகிதத்துக்குக் கை நீட்டுவது அதற்குப் பிறகுதான். உங்களைப் பார்த்து வந்த பழக்கம் அது.

ஆனால் செவலையின் தொடையில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அண்ணன் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்கிறார். அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், "உங்கண்ணி கேட்டா என்னத்த சொல்றது?" என்றார்.

இதற்காகத்தான், அண்ணி, இவ்வளவும் எழுதினேன். என்றைக்காவது அவர் உங்களிடம் வந்து சேரும்போது, அந்தக் கழியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.