பசை பூசிய கை

ஏழாயிரம்பண்ணை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அப்பா எழுதுவது. சண்டிகர் குளிருக்கு உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றே நினைப்பாக இருக்கிறது. இங்கே நான் நலம், ஆடுகள் நலம், உன் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் மனசு வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து முறைக்கிறாள், அதனால்தான் தபால்.

அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, உள்ளே சிவந்து கிடக்கிறது. நகக்கண்ணும் வீங்கிவிட்டது. காலையிலிருந்து மைதாப் பசையில் கை வைத்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவளுக்குக் கை காய ஏது நேரம். கையுறை கேட்டதற்குப் பட்டாசுக் கம்பெனி போர்மேன் ஊர்க்காவலன், கிளவுஸ் போட்டா உருட்டு லூசாயிரும், முடியாதவுக வீட்டுல இருங்க என்று சொல்லிவிட்டாராம். சீசனில் கம்பெனிக்குக் குழாய் இறுக்கமாக வேண்டும், உருட்டுகிற கை அழுகினால் அவருக்கென்ன. மருந்துக்கடைக்காரர் என்ன நோயென்று கேட்காமலேயே ஒரு களிம்பைக் கொடுத்தார், அரிப்பு அடங்கியது, புண் பரவியது. இவர்களையெல்லாம் விட உன் அம்மா மேல்தான் எனக்கு ஆத்திரம். வெடிப்பு மூடிக்கொள்ளுமென்று அந்தப் பசையையே வழித்துப் புண்ணில் அப்பிக் காயவைத்துக்கொள்கிறாள். அங்கே உருட்டுகிற பெண்கள் எல்லாருக்கும் இதுதான் வைத்தியமாம்.

சாத்தூர் டாக்டரம்மா பார்த்துவிட்டு இது ஈஸ்ட் கிருமி என்றார். நீ ஆராய்ச்சி செய்கிற அதே சாதிக் கிருமி. பொங்கலுக்கு வந்தபோது நீதானே சொன்னாய், அதுக்கு வாயே கிடையாதுப்பா, மேல் சவ்வு முழுக்கச் சின்னச் சின்ன வாசல் இருக்கு, சர்க்கரை கிடைச்சா அது வழியா உள்ள இழுத்துக்கிரும், நம்ம உடம்புல இருக்க இரும்பக்கூட விடாது என்று. அன்றைக்கு யார் வீட்டுக் கதையோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மாவும் ஈரமுமாக இவளே அதன் வாசலில் பந்தி வைத்திருக்கிறாள்.

வாராவாரம் வீடியோவில் பேசுகிற நீ இதைப் பார்க்கவில்லையே என்று உன் மேலும் கோபம் வந்தது. பிறகுதான் கவனித்தேன், நீ கூப்பிட்டதும் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு என்னைப் போனைப் பிடிக்கச் சொல்கிறாள். பிள்ள அங்கன ஒத்தையில இருக்கு, இதச் சொல்லி அழவைக்கணுமாக்கும் என்கிறாள். புண் ஆறும்வரை பசையைத் தொட்டால் நகமே போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியும் வேலைக்குக் கிளம்புகிறாள். என் பேச்சு எடுபடவில்லை, உன் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவாள்.

குலசாமி துணையிருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, நல்லா இரு. அடுத்த தடவை கூப்பிடும்போது சாப்பிட்டீகளா என்று ஆரம்பிக்காதே. முதலில் கையைக் காட்டு என்று சொல். போனை நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஆசியுடன்,
உன் அப்பா
தங்கச்சாமி