பேக்கரிக்காரிக்கு என்ன நடந்தது

நேற்று வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பார்சல் கிடந்தது. பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. நம்முடைய வீடியோ விளையாட்டின் கடைசிப் பாகம் ஒருவழியாக ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் உறையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொட்டிருப்பாய்.

மெல்பனின் கிளேட்டன் ஆய்வகத்தில் நான் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு அறையின் மூலையில் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவிக்குள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாய். தமிழ் முகமாகத் தெரிகிறதே என்று பேச்சுக் கொடுத்தேன். சின்னப் பிள்ளைகள் விளையாட்டா என்று கேட்டதற்கு, "ஓம், நாப்பது வயசுப் பிள்ளைக்கு" என்றாய், நிமிராமலே.

ஜப்பானில் பல வருடங்களாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கும் கதை விளையாட்டு அது. மெல்பனில் அதை விளையாடுகிறவர்கள் எல்லாரையும் ஒரே காரில் ஏற்றிவிடலாம் என்பாய். அந்தச் சனிக்கிழமையே நோபல் பார்க்கில் உன் வீட்டுக்கு வந்தேன். அன்று மதியம் முழுக்க, விளையாட்டுக்குள் தொலைந்துபோன ஒரு பூனையைத் தேடினோம். எனக்குக் கொட்டாவி வந்தது. பூனை கிடைத்த பிறகும் நீ ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. தபால்காரர், பாலத்துக் காவலாளி, பேக்கரிக்காரி என்று எல்லாரிடமும் மறுபடி போய் நின்றாய். இவர்களிடம் ஏற்கெனவே பேசியாயிற்றே என்றேன்.

"இஞ்ச ஒருத்தரும் சொன்னதையே சொல்லிக்கொண்டு நிக்கிறதில்லையப்பா. திரும்பப் போய்க் கதைச்சுப் பாரும், வேற கதை சொல்லுவினம்."

அப்படித்தான் இருந்தது. முதல் பாகத்தில் ரொட்டியைக் கருக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரி, இரண்டாவதில் தபால்காரரோடு சண்டை பிடித்தாள். மூன்றாவதில் அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். இதையெல்லாம் பார்க்காமலே விளையாட்டை முடித்துவிடலாம். திரும்பிப் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற கதை. அதில்தான் நானும் விழுந்தேன்.

அடுத்த பாகத்தில் அந்த ஊருக்குப் போர் வந்தது. கடை பூட்டிக் கிடந்தது. நீ வெகுநேரம் அதன் முன்னாலேயே நின்றுவிட்டு, உங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த பேக்கரியைப் பற்றிச் சொன்னாய். நீ பாண், அதாவது ரொட்டி, வாங்கப் போனால் சுடச்சுடப் பிய்த்துக் கையில் தருவாராம் அந்தக் கடை அன்ரி. உங்கள் ஊருக்கும் போர் வந்து எல்லாரும் இடம்பெயர்ந்த நாளுக்குப் பிறகு, அவர் என்ன ஆனார் என்று நீ யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்.

கடைசிப் பாகம் ஜப்பானிய மொழியில் வெளியானபோது நீ மருத்துவமனையில் இருந்தாய். ஆங்கிலத்தில் வரும்வரை காத்திருக்க உனக்கு அவகாசம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஜப்பானிய டிஸ்க்கையே வரவழைத்து, உன் கட்டிலருகே கருவியைப் பொருத்தினேன். போனின் கேமராவைத் திரையில் காட்டினால் அது மொழிபெயர்க்கும். ஒரு தளபதியின் வீர வசனத்தை அது ஏதோ முழங்கால் வலி சமாச்சாரமாக மாற்ற, நீ சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். நேராகக் கதை முடிவுக்குப் போய்விடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"முடிவு எனக்கு வேண்டாம். பேக்கரிக்காரிக்கு என்ன நடந்தது எண்டு மட்டும் பாப்பம்."

தேடித் தேடி, ஒரு துறைமுக நகரத்தில் கண்டுபிடித்தோம். புதுக் கடை, நரைத்த முடி, பக்கத்தில் ஒரு மகள். இன்றைக்கு ரொட்டி கருகவில்லை என்று அவள் சொல்வதாகப் போன் காட்டியது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். பிறகு கனடாவிலிருக்கும் உன் அக்காவைக் கூப்பிடச் சொன்னாய்.

அந்தக் கடை அன்ரியைப் பற்றி அக்கா நாலு பேரிடம் விசாரித்தார். மறுநாள் நான் வந்தபோது உன் முகமே வேறாக இருந்தது.

"இருக்கிறாப்பா. வவுனியாவில, மகளோட. வீடியோவில கதைச்சனான். என்னை ஆரெண்டு தெரியேல்லை. ஆனா சாப்பிட்டனியோ எண்டு கேட்டவ."

அதன்பின் இருந்த கொஞ்ச நாளும் சந்தியில் இருந்த ஒவ்வொருவரையும் பற்றிப் போனில் விசாரித்துக்கொண்டே இருந்தாய். சில பதில்கள் உன்னை அழவைத்தன. அப்படியும் நீ கேட்பதை நிறுத்தவில்லை.

நம் ஆய்வகத்தைச் சுத்தம் செய்ய வரும் வியட்நாம் பெண், தன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று போன மாதம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். முன்பென்றால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். இன்று மத்தியானம் அவரைத் தேடிப் போய், தம்பி பிறகு பேசினாரா என்று கேட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உன்னோடு பழகி, நாற்காலி என்று சொல்வதைத்தான் நான் எப்போதோ விட்டுவிட்டேனே.