அடுப்படி இருந்த இடம்

ஹந்தானை
12.01.2025

அன்பு மகன் றொமேஷுக்கு,

மாதா உன்னைக் கையில தூக்கி வச்சிருக்கணும்னு கேட்டுக்கிட்டு அஞ்சலா சித்தி எழுதுறேன். போன்ல பேசினா ரீலோட் முடிஞ்சிருது, எனக்குப் பேச்சு முடியுறதில்ல. அதான் கடுதாசி. நாப்போலியில குளிருன்னு சொன்ன. நீ பாத்துக்கிற அந்தக் கிழவருக்குக் கம்பளி போத்தும்போது உனக்கும் ஒண்ணு போத்திக்க.

இங்க நல்ல சேதின்னா ஒண்ணுதான். மண் சரிஞ்ச மேட்டுல ஸ்கூல் புள்ளைங்க கன்னு நட்டாங்கன்னு சொன்னேனே, நாவல், இலுப்பை, நடுவுல வரிசையா வெட்டிவேரு, எல்லாம் புடிச்சிருச்சு. சனிக்கிழமையானா சுபாஜினி டீச்சர் தோட்டத்து ஆளுங்களையும் விரட்டிக் கூட்டிட்டுப் போறாங்க. புள்ளைங்க தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கிட்டு ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுதுங்க. நான் ஜெபமாலையை இடுப்புல சொருகிக்கிட்டுப் பின்னால. ஒரு வாளிக்கு ஒரு அருள்நிறைந்த மரியே. வேரு ஓடினா மண்ணு நிக்கும்னு டீச்சர் சொல்றாங்க. மேட்டுக்கு நேர் கீழதானே பிள்ளைமடுவம். கொழுந்து பறிக்கப் போற தாய்மாருங்க கைப்புள்ளைங்களை அங்கதான் விட்டுட்டுப் போறாங்க.

ஒரு எடம் மட்டும் வெறுமையா கெடக்கு. உங்க லயத்து வீட்டு அடுப்படி இருந்த எடம். உன் அம்மா அங்க மண்ணுக்கடியிலதான் கெடக்குறான்னு எல்லாரும் சொல்றாங்க. ஆமிக்காரங்க தேடுறதை நிப்பாட்டி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இனி ஆழமா தோண்டினா மேல் மலையும் வந்துரும்னு ஆபீஸ்காரங்க சொல்லிட்டாங்க. அந்த எடத்துலயும் நடலாமான்னு டீச்சர் கேட்டாங்க. அக்கா மகனைக் கேக்காம சொல்ல மாட்டேன்னுட்டேன். நீ என்ன சொல்ற?

உன் சித்தி,
அஞ்சலா

நாப்போலி
28.01.2025

அன்புள்ள சித்திக்கு,

நான் சொகமா இருக்கேன். நீங்க மலை ஏறுறதைக் கொறைச்சுக்குங்க.

அந்த எடத்துல யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. இங்க தங்குறதுக்கான விசா கையில கெடைச்ச ஒடனே வர்றேன். நானே தோண்டுறேன். அம்மாவை எடுத்துக் கோயில் தோட்டத்துல அடக்கம் பண்ணணும். மத்த எல்லாருக்கும் கல்லறை இருக்கு, என் அம்மாவுக்கு மட்டும் ஒரு மேடு. நான் ஒரு பிடி மண்ணுகூடப் போடல சித்தி.

பெப்ரவரி ஆறு, புனித டொரதி திருநாள், அம்மா பேர்கொண்ட நாள். எனக்காக அங்க மெழுகுதிரி ஏத்துங்க. நெறைய ஏத்துங்க.

உங்க மகன்,
றொமேஷ்

ஹந்தானை
16.02.2025

அன்பு மகனுக்கு,

எப்படி எழுதுறதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள்.

நீ சொன்னபடி ஏத்தினேன். அக்காவுக்குப் புடிச்ச செவப்பு ரோசாவும் வச்சேன். ஜெபமாலை பாதியில இருக்கு, ஒரு காத்து வந்துச்சு. கன்னு காயக் கூடாதுன்னு அடியில மானாப்புல்லு போட்டிருந்தாங்க. அதை அறுத்துக் குடுத்ததே நான்தான், எனக்கு எப்படி ஞாபகம் இல்லாமப் போச்சு? வெயில்ல புல்லு பஞ்சு மாதிரி கெடந்துச்சு, மெழுகுதிரி சாஞ்சதும் பத்திக்கிச்சு. முந்தானையால அடிச்சேன். தோட்டத்து மயில்வாகனம் அண்ணன் ஆளுங்களோட ஓடி வந்து கொப்பு ஒடிச்சு அடிச்சு அணைக்கிறதுக்குள்ள மேல் பாதி போயிருச்சு. என் கை கொஞ்சம் வெந்திருச்சு, அது ஆறிரும்.

மறுநாள் புள்ளைங்க ஏறி வந்து நின்னுச்சுங்க. தனுஜான்னு ஒரு சின்னது, "யாரு அம்மாயி பத்த வச்சது?"ன்னு கேட்டுச்சு.

"நான்தான்டி."

"வேணும்னா?"

"இல்லடி தங்கம்."

கொண்டுவந்த போத்தல் தண்ணியைக் கரிக்கட்டைக்கே ஊத்திட்டு எறங்கிப் போச்சு. டீச்சர் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

பெரிய மழைக்கு முன்னால திரும்ப நடணும். உன் அம்மா எடத்து வழியாத்தான் மேல இருந்து தண்ணி எறங்குதாம், அதையும் சேத்துத்தான் நடணுமாம். சம்மதம்னு ஒரு வார்த்தை எழுது மகன்.

உன் சித்தி,
அஞ்சலா

நாப்போலி
02.03.2025

சித்தி,

கை எப்படி இருக்கு? மருந்தை விடாமப் போடுங்க.

எரிஞ்சது நல்லதுக்குன்னுதான் எனக்குத் தோணுது. அம்மாதான் ஊதி விட்டிருக்கும். மரம் வந்து மூடினா அப்புறம் அது காடு, அம்மா எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அங்க நடாதீங்க. நட்டீங்கன்னா எனக்குச் சித்தின்னு ஒருத்தர் இல்லன்னு நெனைச்சுக்குவேன்.

றொமேஷ்

ஹந்தானை
27.04.2025

அன்பு மகனுக்கு,

போன கிழமை பேஞ்ச மழை உயிர்ப்புத் திருநாள் பூசைக்குக்கூடப் போக விடல. எரிஞ்ச பாதியில இருந்து சேறு எறங்கிச்சு. வெட்டிவேரு இருந்த பக்கம் நின்னுருச்சு. உன் அம்மா எடத்து வழியா வந்தது நிக்கல. பிள்ளைமடுவத்து வாசப்படி வரைக்கும் வந்துருச்சு. ஞாயித்துக்கிழமைங்கிறதால உள்ள ஒரு புள்ளையும் இல்ல. சாமி செஞ்ச புண்ணியம்.

அந்தப் படியில நின்னு சேத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். இதுல அக்காவும் இருக்காளோன்னு நெனைச்சேன். உன் அம்மா ஒரு புள்ளை மேல கை வச்சவ இல்ல மகன்.

நேத்து நட்டுட்டேன். டீச்சரைக் கூப்பிடல, புள்ளைங்களைக் கூப்பிடல. இந்தப் பழி என்னோட போகட்டும். ஒரு முழம் தோண்டினேன். கருப்பு மண்ணு, வேற ஒண்ணும் இல்ல. நாவல்கன்னை வச்சு மண்ணை அணைச்சுட்டு, "அக்கா, கொஞ்சம் புடிச்சுக்க"ன்னு சொன்னேன்.

கோவத்துல எழுதினியா, யோசிச்சு எழுதினியா? எதுவா இருந்தாலும் பதில் போடு.

உன் சித்தி,
அஞ்சலா

ஹந்தானை
02.11.2025

றொமேஷ் தம்பிக்கு,

ஆறு மாசமா பதில் இல்ல. போனும் எடுக்கல. கடுதாசி ஒண்ணும் திரும்பி வரல, அதனால வாங்குறன்னு நெனைச்சுக்கிறேன்.

இன்னைக்கு ஆத்துமாக்கள் நாள். எல்லாரும் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டு போனாங்க. நான் மேட்டுக்கு வாளி கொண்டு போனேன். மழை பேஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, தண்ணி தேவையில்ல. இருந்தாலும் ஒரு வாளி ஊத்தி, உன் பேர்ல ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். கன்னு என் முழங்காலுக்கு வந்துருச்சு.

நீ வர்றப்ப அடுப்படி எங்கன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல. அந்த எடத்துல நாவல் நிக்கும்.

அஞ்சலா