இங்கே யார் இருக்கிறார்கள்

11 மார்ச் 2025, செவ்வாய். சித்தூர்

பாஸ்போர்ட் ஒருவழியாக வந்துவிட்டது. பள்ளிச் சான்றிதழில் நான் அசரியா. ஆதாரில் யாரோ தெலுங்கு வாய்க்கு வந்தபடி 'அஜரய்யா' ஆக்கிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இத்தனை மாதம். யூனிஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எந்தக் காகிதத்தை எடுத்தாலும் ஒரே யூனிஸ். அவளுக்கு அமெரிக்க விசா கிடைத்து, பெட்டியும் வாங்கியாயிற்று.

டாலஸில் மருமகள் பிளெஸ்ஸிக்கு மே மாதம் பிரசவம். தாயில்லாத பெண். அதனால் யூனிஸ் முதலில் போகட்டும், விசா வாங்கிக்கொண்டு நான் பின்னால் வருகிறேன் என்று மகன் பிலிப்பிடம் சொல்லிவிட்டேன்.

"ஒரு மாசம் முன்ன பின்ன. அதுக்கு ஏன் மூஞ்சிய அப்படி வச்சிக்கினு இருக்கீங்க?" என்கிறாள்.

நான் எப்படியும் வைத்துக்கொண்டு இல்லை.

28 ஏப்ரல், திங்கள்

யூனிஸை வழியனுப்பச் சென்னை விமான நிலையம் போய் வந்தேன். வழி தெரியாமல் தவிக்கக் கூடாது என்று பிலிப் அவளுக்குச் சக்கர நாற்காலி பதிவு செய்திருந்தான். சர்ச்சுக்கு நடந்தே போய் நடந்தே வருகிறவள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்தாள். தள்ளுகிற பெண்ணுக்கு என்ன அவசரமோ, விறுவிறுவென்று கொண்டுபோய்விட்டாள். நாற்காலியில் இருப்பவர் எப்படித் திரும்பிப் பார்ப்பது? ஒரு கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு ஆடியது.

15 மே, வியாழன்

பேரன். ஜோயல். போனில் வந்த படத்தில் யூனிஸ் கையில் இருக்கிறான். அவளுடைய வளையலைத்தான் எனக்கு முதலில் அடையாளம் தெரிந்தது.

2 ஜூன், திங்கள்

ஊர் முழுக்கத் தோத்தாபுரி மாம்பழ வாசனை. மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஓய்வு பெற்றாலும் சீசனுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். பழம் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. இந்த வருடம் அவர்கள் கூப்பிடும் முன்பே போய் நின்றேன். நாகபூஷணம் சிரித்தான். முப்பது வருட சிநேகிதன், சிரிக்கலாம்.

"இன்னா அசரியா, இண்ட்லோ யாரும் இல்லையா?" வீட்டைத் தெலுங்கில்தான் சொல்லுவான்.

இல்லை.

14 ஜூன், சனி. திருப்பதி

விசா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கிரண்குமாரின் ஆபீசுக்குப் போனேன். வருகிற வாரம் நேர்காணல். எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுத்தான். என் மகன் வயதுதான் இருக்கும், ஆனால் பொறுமைசாலி.

"பேபியப் பாத்துக்கப் போறேன்னு மாத்திரம் சொல்லாதீங்க சார். அது வேலை மாதிரி ஆயிடும். விசிட்டர் வேலை செய்யக் கூடாது."

"தாத்தா பேரனத் தூக்கினா வேலையாப்பா?"

"தூக்கலாம் சார். தூக்கறேன்னு சொல்லக் கூடாது."

கிளம்பும்போது படி வரைக்கும் வந்தான். "ஏன் போறீங்கன்றதுக்கு நல்லா பதில் சொல்றீங்க சார். அவங்களுக்கு அது முக்கியமில்ல. ஏன் திரும்பி வருவீங்க? அத யோசிச்சி வைங்க."

பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஏன் திரும்பி வருவேன்? வீடு இருக்கிறது. பென்ஷன் இருக்கிறது. சீசன் வேலை. சர்ச் கமிட்டி. எல்லாம் சரிதான். ஆனால் உண்மையைச் சொன்னால், யூனிஸ் இருந்தால் நான் எந்த ஊரிலும் இருந்துவிடுவேன். அதைச் சொல்லக் கூடாது.

18 ஜூன், புதன். சென்னை

கிடைக்கவில்லை.

தமிழில் பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண். என்னைவிடச் சுத்தமான தமிழ். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்கள் மனைவி எங்கே இருக்கிறார்?"

"டாலஸ்ல மேடம். மகன் வீட்ல."

"வேறு பிள்ளைகள்?"

"ஒரே மகன்."

கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். நிமிர்ந்தார்.

"அப்படியென்றால் இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

வீடு, பென்ஷன், சீசன் என்று எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது 'என்ன' இல்லை, 'யார்'. "யாரும் இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டேன். நெசத்தைத்தானே சொன்னேன்? யாரும் இல்லாததால்தானே போகிறேன் என்கிறேன்?

இப்போது தகுதி இல்லை, நிலைமை மாறினால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். அப்பீல் கிடையாது.

20 ஜூன், வெள்ளி

பிலிப் போனில் கத்தினான். "யாரும் இல்லன்னு ஏன் நைனா சொன்ன? சர்ச்சு இருக்குது, சொந்தம் இருக்குதுன்னு சொல்றதுக்கு இன்னா?"

யூனிஸ் போனை வாங்கினாள்.

"காலைல இன்னா துன்னீங்க?" என்று கேட்டாள்.

13 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் பெண்கள் பக்கம், மின்விசிறிக்குக் கீழே மூன்றாவது பெஞ்சு அவளுடையது. இன்று அங்கே யாரோ புதுசாகக் கல்யாணமான பெண் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் முடிகிற வரைக்கும் எனக்கு அந்தப் பெண் மேல் கோபம். என்ன நியாயம் இது?

21 ஆகஸ்ட், வியாழன்

மழை. சீசன் முடிந்து ஃபேக்டரியில் வேலையில்லை.

யூனிஸுக்கு அங்கே கடப்பாக்காரம்மா ஒருத்தி சிநேகிதமாம். சாயங்காலம் இரண்டு பேரும் பூங்காவில் நடக்கிறார்கள். குழந்தை குப்புற விழுந்துவிட்டான். கோழிக் குழம்பு வைக்க அங்கே கிடைக்கிற மிளகாய்த்தூள் சரியில்லை. இப்படி நிறையச் சொன்னாள். நான் "ம்" போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் குரல் இப்படித் தெளிவாக, சந்தோஷமாக இருந்து நான் வெகுகாலம் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே. பட்டேன். பட்ட பிறகு வாசலில் போய் நின்றுகொண்டேன்.

இங்கே எது நடந்தாலும் அவளிடம் சொல்லத்தான் நடக்கிறது போல ஒரு பழக்கம். பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டது. தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துபோயிற்று. அங்கே விடிந்து அவள் எழுந்திருப்பதற்குள் பாதி மறந்துவிடுகிறது, மீதி சொல்லத் தகுந்ததாக இருப்பதில்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

பிலிப் கேட்டான். "அம்மாவுக்கு அக்டோபரோட ஆறு மாசம் முடியுது நைனா. இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கச் சொல்லி எழுதிப் போடலாம். பிளெஸ்ஸி வேலைக்குப் போவணும். நீ இன்னா சொல்ற?"

"தாராளமா எழுதிப் போடுப்பா" என்றேன். அவனுக்கு நிம்மதி, நன்றாகவே கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து யூனிஸ் தனியாகக் கூப்பிட்டாள்.

"நெசமாத்தான் சொன்னீங்களா?"

"ஆமா. கொழந்த இருக்குதே."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு இன்னா."

"சரி."

எனக்கு இன்னாவா? எனக்கு இன்னான்னு கேட்டுட்டு போனை வச்சிட்டு இங்க ஒக்காந்துக்கினு இருக்கேன். வா-ன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் இல்ல. கெழவனுக்கு வீம்பு.

12 செப்டம்பர், வெள்ளி

டிக்கெட் போட்டுவிட்டாள். அக்டோபர் நான்காம் தேதி இங்கே வந்து சேருகிறாள். பிலிப்புக்கு வருத்தம்.

"அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கலையாம்," என்றான். "இங்க நம்மூர விட வெயில் அடிக்குது நைனா."

4 அக்டோபர், சனி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். பஸ் ராணிப்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை, பார்த்துக்கொண்டே வந்தேன்.

19 அக்டோபர், ஞாயிறு

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு வழக்கத்தைவிட நன்றாக இருந்தது போலிருந்தது.

11 நவம்பர், செவ்வாய்

ஒன்றைக் கவனித்தேன். அடுப்புக்கு முன்னால் நின்றால் அவள் உடம்பு லேசாக இப்படியும் அப்படியும் ஆடுகிறது. தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டுகிற ஆட்டம். அவளுக்குத் தெரியவில்லை.

போனில் ஜோயல் அவளைப் பார்த்தால் திரையைப் பிடிக்க வருகிறான். பிடிக்க முடியாமல் அழுகிறான். நேற்று முதல் அவள் முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும். அதற்கும் அவன் போனைத் திருப்பிப் பின்பக்கம் தேடுகிறானாம். பிளெஸ்ஸி சிரித்துக்கொண்டு சொன்னாள். யூனிஸ் சிரித்துவிட்டு, கறிவேப்பிலை பறிக்கிறேன் என்று கொல்லைப் பக்கம் போனாள். வெகுநேரம் பறித்தாள்.

நான் இத்தனை மாதம் சுமந்ததை இப்போது அவள் சுமக்கிறாள். எனக்கு வேண்டியது வீட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது அங்கே தவழ்கிறது.

12 டிசம்பர், வெள்ளி

கிறிஸ்மஸுக்கு வருவதாக இருந்த பிலிப் வரவில்லை. அவன் விசா முத்திரை காலாவதி. இங்கே வந்தால் மறுபடி முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும். நேர்காணல் தேதிகள் பல மாதம் தள்ளிப் போகின்றனவாம். மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். குழந்தைக்கென்று யூனிஸ் தைத்து வைத்த வெள்ளைச் சட்டையைப் பார்சலில் அனுப்பினோம். போய்ச் சேருவதற்குள் சின்னதாகிவிடும் என்றாள்.

22 ஜனவரி 2026, வியாழன். சென்னை

இரண்டாம் தடவை. இந்தத் தடவை எனக்குப் பதில் இருந்தது. மனைவி சொன்ன காலத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள், இதோ வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். என்னை விசாரித்தவர் ஒரு இளைஞர். அதைக் கேட்டுத் தலையாட்டினார். என்ன வேலை செய்தீர்கள், மகன் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று இரண்டு மூன்று கேள்வி. பிறகு அதே தாள்.

காரணம் கேட்டேன். பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை, மன்னிக்கவும் என்றார். பெரிய மாற்றம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்று மறுபடி சொல்ல நினைத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

டீக்கடையில் யூனிஸ் கேட்டாள்: "நான் திரும்பி வந்ததுகூட கணக்கில்லையா?"

"எனக்குக் கணக்கு," என்றேன்.

அவள் டீயைக் குடிக்கவில்லை. ஆற விட்டுவிட்டாள்.

31 ஜனவரி, சனி

அவளிடம் சொல்லாமல் திருப்பதி போய்க் கிரண்குமாரைப் பார்த்தேன். அவளுடைய விசா பத்து வருடத்துக்குச் செல்லும், மறுபடி போகலாம். ஆனால் போய்விட்டு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அங்கே இறங்கும் இடத்தில் கேள்வி வரலாம், எத்தனை மாதம் கொடுப்பது என்பதும் அங்கிருக்கும் அதிகாரியின் இஷ்டம், திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம் என்றான். இருக்கட்டும், டிக்கெட் போடு என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எழுந்து போய்விட்டாள். பின்னாலேயே போனேன்.

"நீங்க இல்லாம நான் போவ மாட்டேன். போன தடவ உங்கள விட்டுட்டுப் போயி அங்க நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

"பட்டியா? பூங்காவுல நடந்துக்கினு சிரிச்சிக்கினு இருந்த?"

"போன்ல அழவா சொல்றீங்க?"

இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"யூனிஸ், ரெண்டு பேரும் இங்க ஒக்காந்துக்கினு அந்தப் போனப் பாத்துக்கினு கெடக்கறதுக்கு, ஒருத்தராவது போயி அவனத் தூக்கலாம் இல்ல?"

சாப்பாடு போட்டாள். எனக்கு ஊற்றிய ரசத்தையே மறுபடி மறுபடி ஊற்றினாள்.

16 பிப்ரவரி, திங்கள். ரேணிகுண்டா விமான நிலையம்

யூனிஸுக்கு இங்கிருந்து ஹைதராபாத், அங்கிருந்து அமெரிக்கா. நாகபூஷணமும் வழியனுப்ப வந்தான். வாசலில் போலீஸ்காரர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அவளை மட்டும் உள்ளே விட்டார்.

"மோட்டாருக்கு ஆள் கூப்பிடுங்க, நீங்களே கைய வைக்காதீங்க," என்றாள். மற்றதெல்லாம் வீட்டிலேயே பேசிவிட்டோம்.

திரும்பும்போது நாகபூஷணம் தெலுங்கில் கேட்டான், நீயே அனுப்பிவிட்டு ஏண்டா இப்படி இருக்கிறாய் என்று. எப்படி இருக்கிறேன்? நன்றாகத்தான் இருக்கிறேன்.

18 பிப்ரவரி, புதன். சித்தூர்

சாம்பல் புதன். காலை ஆராதனைக்குப் போகவில்லை. நம் நேரம் ஏழரைக்கெல்லாம் அவள் டாலஸில் இறங்கியிருக்க வேண்டும். எட்டாயிற்று. ஒன்பதாயிற்று. பிலிப் பிளெஸ்ஸியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து வெளியே காத்திருக்கிறான், அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. போனை மேசையில் வைத்தேன், கையில் எடுத்தேன். எத்தனையோ ஜெபம் தெரிந்தவன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. 'உள்ளே விட்டுடு' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆண்டவரிடமா அந்த ஆபீசரிடமா தெரியவில்லை.

பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"வெளிய வந்துட்டேன். தனியா ஒரு ரூம்ல ஒக்கார வச்சிட்டாங்க. போன வருசம்தானே வந்த, இப்ப எதுக்கு மறுபடின்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"பேரனுக்குப் பல்லு வந்திருக்குது, பாக்கணும்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சிக்கினே போவச் சொல்லிட்டாரு."

காரில் போய்க்கொண்டே பேசினாள். ஜோயல் அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் பிளெஸ்ஸியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதானாம். அவள் கிட்டே போகாமல் தள்ளி நின்று சும்மா பேசிக்கொண்டே இருந்தாளாம். கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்தி அவள் வாயையே பார்த்தானாம். அப்புறம் தானாகவே கையை நீட்டினானாம். இதைச் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நடுவில் அவன் சத்தம் கேட்டது. போனுக்கு வெகு பக்கத்தில், மூச்சு வாங்குகிற சத்தம்.

"உங்க கிட்டத்தான் பேசறான்," என்றாள்.

எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.