மூடியில் போட்ட புள்ளடி

1955 ஐப்பசி, வெள்ளி இரவு.

தேன்பெட்டிகளைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், கண்டதை மூடியில் கரியால் குறித்து வைப்பேன். ராணி இருந்தால் வட்டம். நோய் வந்து புழு கறுத்து நாறினால் குறுக்கே இரண்டு கோடு, புள்ளடி. எழுத்துத் தெரியாத அப்பாவுக்கும் அது விளங்கும். மூன்று பெட்டிகளில் ஒன்றுக்குத்தான் புள்ளடி போட்டிருந்தேன்.

இன்று விறகோடு திரும்பியபோது அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். தேனீ குறைந்து மெலிந்த பெட்டியில் கூட்டம் பெருகட்டும் என்று, வேறொரு பெட்டியிலிருந்து புழு வளரும் அடை ஒன்றை எடுத்து வைத்தாராம். அவர் கையில் அந்த நாற்றம் இருந்தது.

“எந்தப் பெட்டியில எடுத்தீங்கப்பா?”

“வட்டம் போட்டதுலதான். புள்ளடிப் பெட்டியத் தொடவே இல்ல.”

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: “மூடியெல்லாம் மழையில ஊறிக் கெடந்துச்சு. நேத்து வெயில்ல காயவச்சு நாந்தான் திரும்பப் போட்டேன். எல்லா மூடியும் ஒண்ணுதானே?”

அப்பா சிரித்தார். “ஆளுக்குப் பேரு வைக்காம தொப்பிக்கு வச்சிருக்காளே ஒம் மக!”

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தத் தடவை தேன் நன்றாக வந்தால் என்னைப் பண்டாரவளைக் கடை முதலாளி வீட்டு வேலைக்கு அனுப்புவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

அந்த அடையை எடுத்து எரித்துவிட்டோம். ஆனாலும் பொழுது சாயும்போது மெலிந்த பெட்டித் தேனீக்கள் உள்ளே போகாமல் வாசலிலேயே கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. கூட்டை விட்டு ஓடப்போகும் தேனீக்கள் இப்படித்தான் நிற்கும்.

இனிமேல் மூடியில் குறிக்கக் கூடாது. பெட்டியின் உடம்பிலேயே கத்தியால் கீற வேண்டும். காலையில் பெட்டிகளில் தேனீ இருந்தால்.

வெளியூர் போனால் மட்டும் நான் உடுத்தும் பச்சைப் பாவாடையை அம்மா துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டிருக்கிறாள்.